வாசகர் கேள்வி–பதில்: ஒரு நொடி மீதம்

கே: அமெரிக்காவில் கல்லூரிப் பசங்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் கூடுகிறார்களாமே, நம்பலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

நம்பலாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். அலபாமா மாநிலத்தில் நான் எம்.எஸ். படித்த ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 87,000 இருக்கைகள் இருந்தன. அப்போது அந்த ஊரின் மக்கள்தொகையே அதைவிடக் குறைவு! ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது அமெரிக்கன் ஃபுட்பால், நம் ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.

கே: நீங்கள் அங்கே பார்த்ததில் மறக்க முடியாத சீசன் எது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

2013. ஆனால் 2012-லிருந்து சொன்னால்தான் அதன் அருமை புரியும். நான் போய்ச் சேர்ந்த அந்த வருடம் ஆபர்ன் ஆடியது 12, ஜெயித்தது 3. சொந்தப் பிரிவில் 8 ஆட்டம், எட்டிலும் தோல்வி. கடைசியில் பரம எதிரியான, அதே மாநிலத்தின் அலபாமா பல்கலைக்கழகத்திடம் 49–0. பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கஸ் மால்சானைக் கொண்டுவந்தார்கள். பையன்கள் பெரும்பாலும் பழைய பையன்கள்தான். புதிதாக வந்தவர்களில் முக்கியமானவர், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல். முன்பு ஜார்ஜியா அணியில் தடுப்பாட்டம் ஆடியவர்.

செப்டம்பரில் எல்.எஸ்.யு.விடம் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தோற்றார்கள். அப்புறம் வரிசையாக வெற்றிதான். நவம்பர் 16 அன்று அதே ஜார்ஜியா. 37–17 என்று முன்னணியில் இருந்துவிட்டு, கடைசி நிமிடங்களில் 38–37 என்று பின்தங்கிவிட்டோம். கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி, 18 கெஜம் வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. மார்ஷல் கண்மூடித்தனமாகத் தூக்கி எறிந்த பந்து, ஜார்ஜியாக்காரர் கையில் பட்டுத் தெறித்து, பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸ் கைக்கு வந்தது. 43–38.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 30, தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமா. மாணவர் பகுதியில் நின்றுகொண்டே பார்த்தேன், யாரும் உட்காரவில்லை. 32 நொடி இருக்கையில் 28–28 என்று சமன் செய்தோம். அலபாமா ஒரு ஓட்டம் ஓடியது, கடிகாரம் 0. கூடுதல் நேரம்தான் என்று எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டோம். அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் விடவில்லை, ஒரு நொடி பாக்கி இருக்கிறது என்று கேட்டார். நடுவர்கள் வீடியோ பார்த்து அந்த ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 57 கெஜத்திலிருந்து ஃபீல்ட் கோல் (பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது) உதைக்க ஆள் வந்தார். மால்சான் ஒரு டைம் அவுட் எடுத்து, கம்பத்தடியில் நிறுத்தியிருந்த தன் ஆளை மாற்றி கிறிஸ் டேவிஸை அனுப்பினார்.

உதை கம்பத்தை எட்டவில்லை. டேவிஸ் பந்தைப் பிடித்து இடது ஓரமாக ஓட ஆரம்பித்தார். எண்ட் சோனுக்குள் (மைதானத்தின் கடைசிப் பகுதி; எதிரணியின் எண்ட் சோனுக்குப் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி) 9 கெஜம், பிறகு மைதானத்தின் முழு 100 கெஜம். பாதியிலேயே எனக்கு எதுவும் தெரியவில்லை, முன்னால் நின்றவர்கள் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்கள். சத்தத்தை வைத்துத்தான் ஜெயித்தது தெரிந்தது. 34–28. புதர்வேலியைத் தாண்டிக் குதித்து மைதானத்துக்குள் போனதில் கால் முட்டி கிழிந்தது, இரவு பத்து மணிக்குத்தான் அதைக் கவனித்தேன்.

ஜெயித்த நாளில் டூமர்ஸ் முக்கில் இருந்த ஓக் மரங்களின் மேல் டாய்லெட் பேப்பர் சுருளை வீசுவது ஊர் வழக்கம். அந்த மரங்களுக்கு 2010-ல் ஒரு எதிரணி ரசிகர் விஷம் வைத்ததால், 2013 ஏப்ரலில் வெட்டும்படி ஆயிற்று. அதனால் அந்தரத்தில் கம்பி கட்டியிருந்தார்கள். அன்று இரவு கம்பி கண்ணுக்கே தெரியவில்லை, அத்தனை வெள்ளை.

கே: உதைத்துத் தவறவிட்ட பந்தை எதிரணி எடுத்து ஓடலாமா? வேடிக்கையான விதியாக இருக்கிறதே? (வாசகி, ஈரோடு)

ஓடலாம். பந்து எண்ட் சோனைத் தாண்டாமல், அங்கே தரையில் படும் முன்பே பிடித்துவிட்டால் அது உயிருள்ள பந்துதான். யாரும் எடுத்து ஓடாததற்குக் காரணம், உதை பெரும்பாலும் எல்லையைத் தாண்டிப் போய்விடும். 57 கெஜம் என்றால் குறையாக விழ வாய்ப்பு உண்டு. இன்னொன்று, ஃபீல்ட் கோல் உதைக்கும் அணியில் நிற்பவர்கள் முக்கால்வாசிப் பேர் கனத்த உடம்புக்காரர்கள். உதைப்பவரைக் காக்க வந்தவர்கள், வேகமாக ஓடுபவரைத் துரத்திப் பிடிக்க வந்தவர்கள் இல்லை. டேவிஸ் அந்தப் பக்கம் திரும்பியதுமே அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கே: அந்த வருடம் ஆபர்ன் தேசிய சாம்பியன் ஆனதா? (வாசகர், மதுரை)

இல்லை. பிரிவு இறுதியில் மிசூரியை 59–42 என்று வென்று, 2014 ஜனவரி 6 அன்று பசடீனாவில் நடந்த தேசிய இறுதியில் ஃபுளோரிடா ஸ்டேட்டுடன் மோதினார்கள். ஒரு கட்டத்தில் 21–3 என்று முன்னால் இருந்தார்கள். 13 நொடி இருக்கையில் கெல்வின் பெஞ்சமின் எண்ட் சோனில் எம்பிப் பந்தைப் பிடித்தார், 34–31 என்று போயிற்று. அவரைக் காத்து நின்றவர் யார் தெரியுமா? அதே கிறிஸ் டேவிஸ். பெஞ்சமின் 6 அடி 5 அங்குலம், டேவிஸ் 6 அடிகூட இல்லை.

நான் அறையில் டிவியில்தான் பார்த்தேன். டேவிஸ் அந்த ஆளை விட்டு விலகவில்லை, சரியான இடத்தில்தான் நின்றார், சரியான நேரத்தில்தான் குதித்தார். கை எட்டவில்லை. அவர் ஓடிய அந்த ஓட்டத்தின் வீடியோவை இன்றும் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பசடீனாவில் அவர் குதித்ததையும் ஒரு தடவை பாருங்கள்.