குதிரை தாழ்ப்பாள் போட்ட கதை

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். 'த ஹார்ஸ் போல்டெட்' என்ற வரியைத் தமிழில் எழுதச் சொன்னேன். மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் 'குதிரை தாழ்ப்பாள் போட்டது' என்று எழுதினான். சிரித்துவிட்டு அகராதியைத் திறந்தால் மரையாணி, தாழ்ப்பாள், மின்னல், துணிச்சுருள், அள்ளி விழுங்குதல், திடீரென்று ஓடுதல் என்று நீண்டுகொண்டே போகிறது. இதில் எது உண்மையான பொருள்? ஒன்றுக்கு ஒரு சொல் வைத்திருக்கும் தமிழோடு பார்த்தால், இது என்ன ஒழுங்கில்லாத மொழி?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனுக்கு அரை மதிப்பெண்ணாவது கொடுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு போல்ட் என்றால் இரும்புதான். என் அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டர். வீட்டுத் திண்ணையோரம் ஒரு மைலோ டின்னில், கழற்றிய போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். காலையில் அவற்றை எடுத்து, மரையில் ஏறிய கறுப்பைக் கம்பி பிரஷால் தேய்ப்பது என் வேலை. அந்த இரும்புத் துண்டுக்கும் ஓட்டத்துக்கும் என்ன உறவு என்று அன்று கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

உறவு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அம்பு என்று பொருள். குட்டையான, தலை கனத்த அம்பு. பின்னாளில் குறுக்குவில்லில் வைத்து எய்ததும் அதுதான். அதன் வடிவத்தைக் கண்டவர்கள் கதவில் செருகும் கம்பிக்கும் மரையாணிக்கும் துணிச்சுருளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். வேகத்தைக் கண்டவர்களுக்கு மின்னலும் மிரண்ட குதிரையும் அம்பாகிவிட்டன. சோற்றை மெல்லாமல் உள்ளே தள்ளுவதும் அந்த வேகத்தில்தான். மாவு சலிப்பதற்கும் இதே சொல் உண்டு, ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது காய்கறி போடுகிறவர்களின் பொருள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அம்மா சாலட் கீரை வைத்திருந்தார். வெயில் ஏறினால், அதுவரை தரையோடு அடங்கிக் கிடந்த செடி நடுவிலிருந்து விறுவிறுவென்று தண்டை நீட்டும். இலை கசக்கும். ஒடித்தால் ரப்பர் மரத்தைப் போல வெள்ளைப் பால் கசியும். அதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். அம்மா, 'தண்டு விட்டுவிட்டது' என்று பிடுங்கிக் கோழிக்குப் போட்டுவிடுவார்.

ஒன்றுக்கு ஒரு சொல் என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். புலி பாய்கிறது, வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது, பத்திரிகையில் தினமும் யார் மீதாவது வழக்கு பாய்கிறது. சரி, வைரம் பாய்ந்த கட்டையில் எது எங்கே பாய்ந்தது? அசையாமல் கிடக்கிற மரம் அது. படுக்கிற பாயையும் கப்பல் பாயையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

மொழிபெயர்க்கும்போது ஓடுவது யார் என்று பாருங்கள். குதிரை என்றால் மிரண்டு ஓடியது. கடன் வாங்கியவர் என்றால் கம்பி நீட்டினார். பார்த்தீர்களா, நம்மிடமும் இரும்பு வந்துவிட்டது!

குதிரை ஓடிய பிறகு லாயக் கதவைத் தாழிடுவதாக ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. ஓடுவதற்கும் தாழிடுவதற்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டே அதை எழுதலாம். அடுத்த வகுப்பில் அதைக் கொடுங்கள். பையன் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று எழுதினால் முழு மதிப்பெண்.