வீட்டிலிருந்து திறந்தால் அவுட்லுக் ஏன் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது?

பாரிமுனை ஆபீஸில் ஒழுங்காக வரும் மெயில், தண்டையார்பேட்டை வீட்டு லேப்டாப்பில் மட்டும் பாஸ்வேர்டு கேட்டே உயிரை எடுக்கிறது என்கிறீர்கள். முதலில் அதே மெயிலை பிரவுசரில் திறந்து பாருங்கள். திறந்தால் பாஸ்வேர்டு சரி, கோளாறு அவுட்லுக் பக்கம்.

ஆபீஸில் எக்ஸ்சேஞ்ச் சர்வர் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) என்றால், அங்கே விண்டோஸ் லாகினே உங்களுக்காகச் சிபாரிசு செய்துவிடும். வெளியிலிருந்து வந்தால் அந்தச் சிபாரிசு கிடையாது. யூசர்நேமில் வெறும் பெயருக்குப் பதில் முழு மெயில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்.

எனக்கு வம்பு செய்தது வேறு. கன்ட்ரோல் பேனலில், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்தால், எப்போதோ மாற்றிய பழைய பாஸ்வேர்டு அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது! நான் புதியதை அடிக்க அடிக்க, அவுட்லுக் பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை நீக்கிவிட்டு அவுட்லுக்கை மூடித் திறந்தேன், அப்புறம் கேட்கவே இல்லை.

ஜிமெயில் என்றால் கதையே வேறு. 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய மென்பொருள்களுக்கு கூகுள் கதவைச் சாத்திவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, இதுபோன்ற மென்பொருளுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டை எடுத்து, வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதில் போடுங்கள். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் அதுவும் செல்லாமல் போகும், மறுபடி எடுக்க வேண்டும்.