காட்டுப் புற்களோடு கலப்பு செய்து, வறண்ட நிலத்துக்குப் பல்லாண்டுத் தானியப் பயிரை உருவாக்க முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் நெல்லில் கிடைத்த வெற்றியைக் காட்டி வறண்ட நிலத்துக்கு உறுதி கூறக் கூடாது.

யுன்னான் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றின் வழியாக உருவாக்கிய பிஆர்23 என்ற பல்லாண்டு நெல் ரகம், சீனாவில் 2018இல் வெளியானது. ஒருமுறை நட்டு, நான்கு ஆண்டுகளில் எட்டு அறுவடை. ஓர் அறுவடைக்குச் சராசரியாக ஹெக்டேருக்கு 6.8 டன். அரிய சாதனைதான். ஆனாலும் அது நீர் கிடைக்கும் வயலுக்கான பயிர். வறண்ட நிலத்தில் அறுவடைக்குப் பின் மழையே இல்லாத மாதங்களை அடிக்கட்டை உயிரோடு கடக்க வேண்டும்.

அதனால் என் நம்பிக்கை சோளத்தின் மீதுதான். அதன் உறவான ஜான்சன் புல், மண்ணுக்கடியில் ஓடும் தண்டில் உணவைச் சேர்த்து வைத்து, மேலே எல்லாம் காய்ந்த பிறகும் துளிர்க்கிறது. சோளத்தில் 20 குரோமோசோம்கள், புல்லில் 40. நேரடியாகக் கலந்தால் பெரும்பாலும் மலட்டுச் செடியே வரும். எனவே கால்கிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துச் சோளத்தின் குரோமோசோம்களை முதலில் இரட்டிப்பாக்குவது ஒரு வழி. கம்பு நேப்பியர் தீவனப்புல் தழைத்துக்கொண்டே இருந்தும் விதை பிடிக்காததற்கும் இதே போன்ற பொருத்தமின்மைதான் காரணம்: கம்பில் 14, நேப்பியரில் 28, கலப்பில் 21.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு. புல்லிடமிருந்து நிலத்தடித் தண்டு மட்டும் தனியாக வருவதில்லை. சிறுத்த மணியும், முதிர்ந்ததும் உதிரும் குணமும் கூடவே வருகின்றன. மேலும் ஜான்சன் புல் உலகின் மிகக் கொடிய களைகளில் ஒன்று. வறட்சியில் அதைக் காப்பாற்றும் அதே தண்டுதான் அதைக் களையாக்குகிறது. செடி பிழைக்க வேண்டும், பக்கத்து வயலுக்குப் பரவக் கூடாது. இந்த அளவைப் பிடிப்பதற்குத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் கலப்போடு நிற்காமல், காட்டுக் கோதுமைப்புல் ஒன்றையே நேரடியாகப் பயிராக்கி வருகிறது. கெர்ன்சா என்பது அதன் பெயர். வேர் மூன்று மீட்டர் வரை இறங்குகிறது; மணி கோதுமையைவிட மிகச் சிறியது.

ஆழ்ந்த வேர் முதல் மழையை உடனே பிடித்துக்கொள்ளும் என்பது மெய். அடிமண் ஈரத்தையும் அதுவே உறிஞ்சிவிடும் என்பதைப் பலர் கூறுவதில்லை. மழை குறைந்த நிலத்தில் அடுத்த ஆண்டுப் பயிர் அந்தக் கடனோடுதான் தொடங்கும். ஆகவே முதல் அறுவடையின் எடையை வைத்து ரகத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பேன். வறண்ட பருவம் முடிந்து முதல் மழை பெய்ததும் வயலுக்குப் போய், எத்தனை தூர்கள் துளிர்த்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். விதையை அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.