பறவைக்கு வாங்கிய புழுக்கள் ஏன் கருத்துப்போகின்றன?

கேள்வி: எங்கள் வட கரோலினா வீட்டுத் தோட்டத்தில் மாட்டியுள்ள மரப்பெட்டியில் புளூபேர்ட் எனும் நீலநிறச் சிறு பறவை ஜோடி ஒன்று குஞ்சு பொரித்துள்ளது. அவற்றுக்குக் கொடுப்பதற்காக மீல்வார்ம் புழுக்கள் 1,000 வாங்கி, டப்பாவோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து நாளில் பாதி கருத்துச் செத்துவிட்டன, சில வெளுத்திருக்கின்றன. மூடியின் உட்புறம் நீர் முத்துமுத்தாக நிற்கிறது. எங்கே தவறினேன்? எத்தனை புழு கொடுக்கலாம்?
– ஒரு வாசகி

பதில்: மூடியில் நின்ற அந்த நீர்தான் காரணம். மீல்வார்ம் என்பது தானியத்திலும் மாவிலும் வளரும் ஒருவகைக் கருவண்டின் இளம்புழு. வறண்ட இடத்தில் வாழப் பழகிய அதற்குக் குளிரைவிட ஈரமே பெரிய எமன். வழுவழுப்பான சுவருள்ள அகலமான பிளாஸ்டிக் டப்பாவில், மூடி முழுவதும் சிறு துளைகள் இட்டு, இரண்டு அங்குல உயரத்துக்கு உலர்ந்த கோதுமைத் தவிட்டைப் பரப்பி, உயிருள்ள புழுக்களை மட்டும் பொறுக்கி அதில் விடுங்கள். ஃப்ரிட்ஜில் 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிருள்ள தட்டு போதும். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். குளிரில் அவை உறங்குவதுபோல் அடங்கிக் கிடப்பதால், கூட்டுப்புழுவாகி வண்டாக மாறுவதும் தள்ளிப்போகிறது. வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஒரு நாள் அறையில் வைத்து, கேரட் துண்டு ஒன்றைத் தவிட்டின் மேல் வையுங்கள். சற்று நேரத்தில் புழுக்கள் மேலே வந்து அதன் ஓரங்களை அரிக்கத் தொடங்குவதைக் காணலாம். தண்ணீர்த் தேவைக்கு அதுவே போதும். மீண்டும் ஃப்ரிட்ஜில் வைக்குமுன் மிச்சத் துண்டை எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் பூஞ்சை பிடிக்கும்.

வெளுத்த புழுவைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது அப்போதுதான் தோலுரித்தது. மென்மையாக இருப்பதால் குஞ்சுகளுக்கு மிகவும் ஏற்றது. கருத்துத் தொளதொளத்தவற்றை மட்டும் எறிந்துவிடுங்கள். வண்டாகிவிட்டவற்றைச் சமையலறைப் பக்கம் விட்டுவிடாதீர்கள். மாவு டப்பாவில் குடியேறிவிடும்.

ஜோடிக்குக் காலையில் 15, மாலையில் 15 என்ற அளவே போதுமானது என்பேன். புழுக்கள் ஏறித் தப்பாத வழவழப்பான கிண்ணத்தில், நிழலில், கூட்டுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். வெயிலில் புழு சீக்கிரம் மடியும். இப்புழுவில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்தோ (கால்சியம்) மிகக் குறைவு. எலும்பு வளரும் பருவத்துக் குஞ்சுகள் இதையே தின்று வளர்ந்தால் எலும்பு வலுவிழக்கும். ஆகவே கொடுக்குமுன் கால்சியம் கார்பனேட் பொடியில் புழுக்களைப் புரட்டியெடுங்கள். வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, சிலந்தி என்று தாயும் தந்தையும் தேடிக் கொணர்வதே குஞ்சுகளின் முதன்மை உணவாக இருக்கட்டும். பூச்சிகள் வெளிவராத குளிர்மழை நாட்களில்தான் உங்கள் கிண்ணம் அவற்றுக்கு மிகவும் உதவும். அந்த நாட்களில் மட்டும் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.