இடுப்பு டிஸ்க் பிதுக்கமும் சிறு துளை அறுவை சிகிச்சையும்: கேள்வி பதில்

கேள்வி: எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு) பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. மூன்று வாரமாக வலி கால்வரை இழுக்கிறது. ஆபரேஷன் என்றால் எண்டோஸ்கோபியா, மைக்ரோவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி தானாகவே தணிகிறது. வெளியே வந்த ஜவ்வை உடம்பே மெல்லக் கரைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஸ்கேனில் பார்க்கப் பயமாக இருக்கும், துண்டாகப் பிய்ந்து விழுந்த பிதுக்கம்தான் நன்றாகக் கரையும். ஆனால் பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ அந்த மணி நேரமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: எனக்கு ஆறு மாதமாகியும் குறையவில்லை. மூன்று டாக்டர்கள் மைக்ரோ, டியூப், எண்டோஸ்கோபி என்று மூன்று வழி சொல்கிறார்கள்.

பதில்: மூன்றிலும் வேலை ஒன்றுதான்: நரம்பை அழுத்தும் துண்டை எடுப்பது. போகும் வழிதான் வேறு. மைக்ரோ டிஸ்கெக்டமியில் 2 அல்லது 3 செ.மீ. கீறி, தசையை எலும்பிலிருந்து ஒதுக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செய்வார்கள். 1970களிலிருந்து இருப்பது, புதிதாக எது வந்தாலும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். டியூப் முறையில் தசை நார்களை விலக்கிக் குழாயைச் செருகி, அதன் வழியே வேலை. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை நுழைக்கும் எண்டோஸ்கோபியில் துளை 1 செ.மீ.கூட இருக்காது. பக்கவாட்டில் நுழைந்தால், அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, நீங்கள் விழித்திருக்கும்போதே முடிக்கலாம். நரம்பைத் தொட்டால் நீங்களே கத்திவிடுவீர்கள், அதுவும் ஒரு பாதுகாப்புதான்!

துளை சின்னதானால் பலன் பெரிது என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் டியூபையும் மைக்ரோவையும் ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வில், டியூப் முறையில் செய்துகொண்டவர்களுக்குத்தான் ஓராண்டு கழித்தும் வலி சற்றுக் கூடுதலாக இருந்தது. அதே நாட்டில் 2022இல் வந்த இன்னொரு ஆய்வில், கால்வலியைக் குறைப்பதில் எண்டோஸ்கோபி வழக்கமான முறைக்குச் சளைத்ததாக இல்லை. நானாக இருந்தால், டாக்டரிடம் "இந்த முறையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். எண்டோஸ்கோபியில் கை பழக நாளாகும்.

கேள்வி: எனக்கு எல்5-எஸ்1 (இடுப்பின் கடைசி முதுகெலும்புக்கும் அதற்குக் கீழுள்ள எலும்புக்கும் நடுவிலுள்ள டிஸ்க்). பக்கவாட்டு வழி சரிவராது என்கிறார்களே?

பதில்: பலருக்கு இடுப்பெலும்பின் மேல்விளிம்பு அந்த வழியை மறைக்கும். அப்போது பின்பக்கமாக, முழு மயக்கம் கொடுத்துச் செய்வதே வழக்கம். எண்டோஸ்கோபியே முடியாது என்று அர்த்தமில்லை.

கேள்வி: லேசரில் சுட்டு எடுத்துவிடலாமாமே?

பதில்: டிஸ்க்கின் வெளி வளையம் கிழியாமல், உப்பல் மட்டும் இருந்தால் யோசிக்கலாம். துண்டு வெளியே வந்துவிட்டால் லேசர் அதைத் தொடாது. ஊசி போட்டு ஜவ்வைக் கரைக்கும் ஆசையும் பழையதுதான். பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபாப்பெயின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1982இல் அனுமதி கிடைத்தது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்ததால் மவுசு போய், கடைசியில் சந்தையிலிருந்தே மறைந்தது.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பின் மறுபடி வருமா? முதுகுவலியும் போய்விடுமா?

பதில்: எந்த முறையானாலும் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம். கிழிந்த வளையத்தைப் பெரும்பாலும் தைத்து மூடுவதில்லை என்பதும் ஒரு காரணம். அப்புறம், இது கால்வலிக்கான ஆபரேஷன். கால்வலி பலருக்கும் சீக்கிரமே விட்டுவிடும், மரமரப்பு போகத்தான் மாதக்கணக்காகும். முதுகுவலி மட்டும்தான் உங்கள் தொல்லை என்றால், மேஜையில் படுப்பதற்கு முன் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.