பிளாக் எப்படி மெக்ரெகர் ஆனார்? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்,

கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். என்னுடன் வேலை செய்பவருடைய குடும்பப்பெயர் பிளாக். போன மாதம் எடின்பரோவில் ஒரு சுற்றுலாக் கடையில் மெக்ரெகர் குலத்தின் கட்டம் போட்ட மஃப்ளரும், கிரீடம் வைத்த சிங்கத்தலை முத்திரையும் வாங்கி வந்திருக்கிறார். "நாங்கள் உண்மையில் மெக்ரெகர்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் உயிர் போகும் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது, அதனால்தான் மாற்றிக்கொண்டோம். எங்கள் முன்னோர் ஸ்காட்லாந்து அரச வம்சம்" என்கிறார். ஒரு பெயருக்கு மரண தண்டனையா? இதில் எது வரலாறு, எது கடைக்காரர் சொன்ன கதை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டம் உண்மை. அரச வம்சத்துக்கு ஆவணம் கிடையாது. உங்கள் நண்பர் மெக்ரெகரா என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் சாதாரண மனிதருக்கு நெடுங்காலம் நிலையான குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. இன்னாருடைய மகன், அவர் இன்னாருடைய மகன் என்று அப்பா, தாத்தா பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், நம் இனிஷியல் மாதிரி அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். குலப்பெயர் வெளியாளிடம் சொல்வதற்கு, அதாவது நீ எந்தத் தலைவரின் ஆள், உன்மேல் கைவைத்தால் யார் கேட்க வருவார்கள் என்பதற்கான பதில். வேறொரு தலைவரின் நிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் அவருடைய பெயரை எடுத்துக்கொள்வது அங்கே துரோகமும் இல்லை, அதிசயமும் இல்லை. ஆகவே ஒரே குலப்பெயர் என்றால் ஒரே இரத்தம் என்று நினைக்க வேண்டாம். இப்போது எடுக்கும் மரபணுச் சோதனைகளும் அதையே காட்டுகின்றன: மெக்ரெகர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்குத் தந்தைவழி மூதாதை ஒருவர்தான், மற்றவர்கள் பல வேறு வழிகளில் வந்து அந்தப் பெயருக்குள் சேர்ந்தவர்கள்.

மெக்ரெகர் என்றால் கிரெகரின் மகன். அந்த கிரெகர் 14ஆம் நூற்றாண்டில் ஆர்கைல் பகுதியின் கிளென் ஆர்க்கி பள்ளத்தாக்கில் இருந்தவர், அவருடைய மகன் ஒற்றைக்கண் இயன் 1390இல் இறந்தார். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய வம்சாவளி ஏறக்குறைய இங்கேதான் தொடங்குகிறது. 9ஆம் நூற்றாண்டு அரசர் கென்னத் மெக்கால்பினின் வழி என்பதும், 'என் குலம் அரச குலம்' என்ற குலவாசகமும் பின்னால் வந்த பெருமை. நிலம் பறிபோன குடும்பங்களுக்கு அரச மூதாதை மேல் ஆசை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலம் எப்படிப் போனது? மெக்ரெகர்கள் பழைய வழக்கப்படி வாளோடு உட்கார்ந்திருந்தார்கள், பத்திரம் பக்கத்துக் குலமான கேம்பெல்களிடம் இருந்தது. அரசரிடம் சாசனம் வாங்கத் தெரிந்த கேம்பெல்கள் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக விழுங்க, மெக்ரெகர்கள் சொந்த மண்ணிலேயே குத்தகைக்காரர்களாகி, அதுவும் போய் மாடு கவர்ந்து பிழைக்கும் நிலைக்கு வந்தார்கள். 1570இல் கிளென்ஸ்ட்ரேயின் மெக்ரெகர் தலைவர் கிரிகோர் ருவாவின் தலையைக் கிளென் ஆர்க்கி கேம்பெல் வெட்டினார். செத்தவரின் மனைவியும் பிறப்பால் கேம்பெல்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தன் பிறந்த குலத்தையே சபித்து அவள் பாடியதாகச் சொல்லப்படும் தாலாட்டை கேலிக் மொழியில் இன்றும் பாடுகிறார்கள்.

அந்தத் தம்பதியின் மகன் அலஸ்டேர் தலைவராக இருந்தபோதுதான் உங்கள் நண்பர் சொல்லும் சட்டம் வந்தது. 1603 பிப்ரவரியில், லோமண்ட் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள கிளென் ஃப்ரூயினில் மெக்ரெகர்கள் கஹூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். கஹூன் தலைவர் அரசரின் ஆணையோடு ஆயுதம் ஏந்தியவர், ஆகவே அது அரசர்மேலேயே கைவைத்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு அந்த நேரத்தில்தான் இங்கிலாந்துக் கிரீடமும் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி லண்டனுக்குக் கிளம்புகிறார். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 3ஆம் தேதி, மெக்ரெகர் என்ற பெயரை ஒழிக்கும் ஆணை பிறந்தது. அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் வேறு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும், மறுத்தால் மரணம். பிறகு வந்த ஆணைகள் இன்னும் மோசம். சாப்பாட்டுக்கு முனையில்லாத கத்தியைத் தவிர ஆயுதம் கூடாது, நாலு பேருக்கு மேல் ஒன்றாகக் கூடக் கூடாது.

அலஸ்டேரைப் பிடித்தவர் ஆர்கைல் பிரபு, கேம்பெல்களின் தலைவர். பத்திரமாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வாக்கை மீறவும் இல்லை, பெர்விக்கில் எல்லையைத் தாண்டவைத்து, அப்படியே திருப்பி எடின்பரோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்! 1604 ஜனவரியில் கூட்டாளிகளோடு தூக்கில் போட்டார்கள், தலைவர் என்பதால் மற்றவர்களைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக. சாவதற்கு முன் அவர் கொடுத்த வாக்குமூலத்தில், கஹூன்களுக்கு எதிராகத் தன்னைத் தூண்டிவிட்டதே ஆர்கைல்தான் என்று சொல்லியிருக்கிறார். சாகப்போகிறவர் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஆர்கைலைப் பற்றி இதை நம்ப எனக்குக் கஷ்டமாக இல்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? பக்கத்தில் பலம் உள்ள பெயர் எதுவோ அதை எடுத்துக்கொண்டார்கள். மர்ரி, டிரம்மண்ட், கிரேம், ஸ்டூவர்ட், வேறு வழியில்லாத இடங்களில் கேம்பெல்லே. 1661இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார், அப்பாவுக்காகவும் தனக்காகவும் சண்டை போட்டவர்கள் என்ற நன்றி. 1693இல் வில்லியம் ஆட்சியில் தடை திரும்பி வந்தது, முழுசாக நீங்கியது 1774இல்தான். நடுவில் வாழ்ந்த ராப் ராய், அந்தக் குலத்திலேயே பெரிய பெயர் வாங்கியவர், அம்மாவின் குடும்பப்பெயரான கேம்பெல் என்றுதான் கையெழுத்துப் போட்டார். தலைமைக் குடும்பமே மர்ரியாக வாழ்ந்தது. அதன் தலைவர் ஜான் மர்ரி வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். 1822இல்தான் அரச உரிமம் வாங்கி அந்தக் குடும்பம் பழைய பெயருக்குத் திரும்பியது. அதே வருடம் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்துக் கிரீடத்துக்குக் காவலாக அணிவகுத்தவர்களில் மெக்ரெகர்களும் இருந்தார்கள். சாதாரண ஜனங்களில் பலர் திரும்பவே இல்லை, பேரன் பேத்திகள் எடுத்த பிறகு எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

அப்புறம், உங்கள் நண்பர் விஷயம். பிளாக், ஒயிட் என்றெல்லாம் மாறியவர்கள் உண்டு. அதற்காக எல்லா பிளாக்கும் மெக்ரெகர் ஆகிவிட முடியாது, ஸ்காட்லாந்தில் கறுப்பு முடிக்காரர் எங்கேயும் இருந்திருப்பாரே. இன்னின்ன பெயர் எல்லாம் இன்ன குலம் என்ற பட்டியல்களைப் பெரும்பாலும் வளர்த்தது 19ஆம் நூற்றாண்டில் துணி விற்றவர்கள். இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்பதே 1815வாக்கில், லண்டனில் இருந்த ஒரு சங்கம் தலைவர்களிடம் மாதிரித் துணி கேட்டபோதுதான் உறுதிப்பட ஆரம்பித்தது. நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் ஸ்காட்லாந்து முன்னோர்களையும் மெக்ரெகர் என்பார்கள், அதுவும் குடும்பக் கதை அளவில்தான் நிற்கிறது.

முத்திரையைப் பற்றி அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது குடும்பச் சொத்து இல்லை, குலத்தலைவர் ஒருவருடையது. குலத்தார் அதை வாரும் கொக்கியும் சுற்றிய வடிவில் அணியலாம், அவருடைய ஆள் என்று காட்ட, அவ்வளவுதான்.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் தேவாலயப் பதிவேடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்காட்லாந்து ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 1855 முதல் அரசுப் பதிவு, அதற்கு முன்னால் தேவாலயப் பதிவு. பெர்த்ஷயர் பக்கத்துப் பழைய ஏடுகளில் 'டிரம்மண்ட் என்கிற மெக்ரெகர்' என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிய பதிவுகள் கிடைக்கின்றன. அவருடைய பிளாக் பாட்டன் மெக்ரெகர்கள் இருந்த பால்விட்டர், ரானக், கிளென் ஆர்க்கி பக்கத்து ஆள் என்றால் தேடுவதில் அர்த்தம் உண்டு. ஃபைஃப் பக்கத்து மீனவக் குடும்பம் என்றால் வேறு பாட்டனைத்தான் தேட வேண்டியிருக்கும்.