ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர் சில நேரம் ‘பி’-யிலேயே மாட்டிக்கொள்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

வாரத்துக்கு மூன்று நான்கு முறை லீவர் ‘பி’-யிலிருந்து, அதாவது காரை நிறுத்தி வைக்கிற பார்க் நிலையிலிருந்து நகர மறுக்கிறது, நாலு தடவை முயன்றால் வந்துவிடுகிறது, வர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் சமத்தாக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே மூன்று வரியைப் போன வருடம் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒருத்தர்கூட நம்பவில்லை. அதனால்தான் வேலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றே ஒன்று. மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை மாட்டிக்கொள்ளும்போது லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். பிரேக்கை மிதித்தபடியே இருங்கள், பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் கோளாறு அநேகமாகக் கியரில் இல்லை. அதைவிட முக்கியம், நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாமலே இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. என் காரில் நடந்ததையும், அதற்காகத் தேடித் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன். ‘மேனுவல் கார் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை’ என்று கீழே எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து எழுதாதீர்கள். பதினொரு வருடம் கிளட்ச் மிதித்து ஓட்டியவள்தான் நான். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு வேறு வழியில்லாமல் மாறினேன்.

பிரேக் லைட்டுக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் அப்போது தெரியாது. பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து லீவரை எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு இருக்கிறது, ஷிஃப்ட் லாக் என்பார்கள். லீவருக்கு அடியில் சோலனாய்டு என்று ஒரு சின்ன மின்காந்தம் இருக்கும். மின்சாரம் வந்தால்தான் அது பூட்டை விடுவிக்கும். அதற்கான தகவல் எங்கிருந்து வருகிறது என்றால், பிரேக் பெடலின் தண்டுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற பிரேக் லைட் ஸ்விட்சிலிருந்து. கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் சாமான். பெடலை மிதித்ததும் அதுதான் பின்னால் விளக்கை எரிய வைக்கிறது, ‘மிதித்தாயிற்று’ என்று கியர் பூட்டுக்கும் சொல்கிறது. அதற்குள் இருக்கிற செம்புத் தகடுகள் வருடக்கணக்கில் ஒட்டிப் பிரிந்து கரிந்துபோனால் ஒரு நேரம் இணைப்புக் கிடைக்கும், ஒரு நேரம் கிடைக்காது. கிடைக்காத நேரத்தில் கார் தன் அறிவுக்கு எட்டியபடி, நீங்கள் பிரேக்கையே தொடவில்லை என்று நினைத்துக்கொள்கிறது.

எனக்கு முதலில் ஆனது ஒரு திங்கட்கிழமை காலை. பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தி இழுத்தால் லீவர் கல்லாட்டம் நிற்கிறது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன், வந்துவிட்டது. அப்புறம் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மறுபடியும். வீட்டில் சொன்னதும் என் கணவர், “நீ பிரேக்கை முழுசா மிதிச்சிருக்க மாட்டே” என்றார். அவர் மேல் தப்பில்லை, ஏனென்றால் அழுத்தி மிதித்தால் சில சமயம் நிஜமாகவே வந்தது. அழுத்தி மிதிக்கும்போது தேய்ந்த தகடுகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அது தெரியாத வரைக்கும் எல்லா சாட்சியமும் எனக்கு எதிராகவே இருந்தது. பண்டிகைக்கு வந்த அண்ணன்கூட ஓட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு நல்லாத்தானே வருது” என்றான்.

வர்க்‌ஷாப்புக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை லீவரைச் சுற்றி எதையோ ஸ்ப்ரே அடித்தார்கள். மூன்றாம் தடவை, “செலக்டர் அசெம்ப்ளியையே மாத்திடலாம் மேடம், அதான் நிரந்தரத் தீர்வு” என்றார்கள். கோளாறு எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் லீவர், அதன் பெட்டி, உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட ஒரு தொகை எழுதிக் கொடுத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். எனக்கு முழங்கால் சிகிச்சை ஆனது ஏன் தெரியுமா? மூட்டுக்குள் இருக்கிற ஜவ்வு கிழிந்து, அந்தக் கிழிசல் அவ்வப்போது நடுவில் சிக்கி, காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்ளும். மாடிப்படியில் பாதியில் அப்படியே நின்றிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் தானாக விட்டுவிடும். டாக்டரிடம் போய் உட்காரும்போது கால் நன்றாக மடங்கும், நீளும். எட்டு மாதம் “எடையைக் குறைங்க, வயசு ஆகுதுல்ல” என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் கிழிசல் தெரிந்தது. அதற்குள் மூட்டு தேய வேண்டியது தேய்ந்துவிட்டது. விட்டுவிட்டு வருகிற எதையும், பார்க்கிற நேரத்தில் இல்லை என்பதற்காக இல்லவே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவள் பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம். கார் விஷயத்திலும் அதே பதிலைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் அந்த மெக்கானிக் மேல் மட்டும் இல்லை.

சரி, காருக்கு வருகிறேன். காரோடு கொடுத்த கையேட்டைப் புரட்டி, லீவருக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மூடி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதை நெம்பி எடுத்து, சாவி நுனியை உள்ளே விட்டு அழுத்தினால் பூட்டு விடும். பல ஆட்டோமேட்டிக் கார்களில் இது உண்டு, ஷிஃப்ட் லாக் ரிலீஸ் என்று போட்டிருக்கும். எனக்கு நிம்மதியாகிவிட்டது. மாட்டினால் சாவியை விட்டு அழுத்துவது, கிளம்புவது. பத்து நாளுக்கு மேல் அப்படியே ஓட்டினேன். நான் செய்த தப்பு இதுதான். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சாயங்காலம் சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் நின்றேன். பின்னால் டயர் கிறீச்சிட்டது. ஒருத்தர் இருசக்கர வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என் கண்ணாடியைத் தட்டினார். அவருக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண், அவர் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பிரேக் லைட்டு எரியலம்மா உங்களுக்கு. ஒண்ணுகூட எரியல” என்றார். கத்தவில்லை. குரல் நடுங்கியது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் பச்சை விழுந்து போய்விட்டார்.

‘ஒண்ணுகூட’ என்ற வார்த்தைதான் வீடு வரும்வரை மண்டைக்குள் ஓடியது. இடது, வலது, பின்கண்ணாடியில் நடுவில் ஒன்று, ஆக மூன்று விளக்கு. மூன்று பல்பும் ஒரே நேரத்தில் போகாது. மூன்றுக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்றுதான் போயிருக்க வேண்டும். அன்றைக்கு இரவு காரைப் பின்பக்கமாகச் சுவருக்கு நெருக்கமாக நிறுத்தி, ஹெட்லைட்டை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, கண்ணாடியில் சுவரைப் பார்த்தபடி பிரேக்கை மிதித்தேன். சுவர் சிவந்தது. லீவர் வந்தது. மறுபடி பார்க்கில் போட்டு மிதித்தேன். சிவந்தது, வந்தது. நாலாவது தடவை சுவர் இருட்டாகவே இருந்தது. லீவரை இழுத்தேன், அசையவில்லை. ஒரு பில்லின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே இருபது தடவை செய்தேன். பதினாலு தடவை சிவந்தது, பதினாலு தடவையும் லீவர் வந்தது. ஆறு தடவை சிவக்கவில்லை, ஆறு தடவையும் வரவில்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த இருட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தக் குழந்தையை நினைத்தும்தான்.

போனில் அதை வீடியோ எடுத்து வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெடலுக்கு அடியில் தலையை விட்டார். ஒயர் கனெக்டரைப் பிடுங்கி, ஸ்விட்சை ஒரு திருகு திருகி வெளியே எடுத்தார். மல்டிமீட்டரை வைத்து அதன் முனையை அழுத்தி அழுத்தி விட்டார். மீட்டர் ஒரு தடவை பீப் என்றது, ஒரு தடவை மௌனம். “இதாம்மா” என்றார். புதியது போட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் காரில் அதைவிட மலிவான பாகம் ஏதாவது இருக்குமா என்பதே சந்தேகம். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு தடவைகூட மாட்டவில்லை.

உங்களுக்கும் இதுவேதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பிரேக் லைட் ஒழுங்காக எரிந்தும் லீவர் வரவில்லை என்றால் வேறு பக்கம் பார்க்க வேண்டும். ரேடியோ, ஏசியை அணைத்துவிட்டு, இக்னிஷனை ஆனில் வைத்து, பிரேக்கை மிதித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். பல கார்களில் லீவர் அடியிலிருந்து ‘டிக்’ என்று சத்தம் வரும். சத்தமே இல்லை என்றால் அநேகமாகச் சோலனாய்டுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது சோலனாய்டே செத்துவிட்டது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகும். சத்தம் வந்தும் நகரவில்லை என்றால் இயந்திரக் கோளாறு: பட்டனுக்குள் ஏதாவது உடைந்திருக்கும், அல்லது கப் ஹோல்டரிலிருந்து கொட்டிய சர்க்கரைத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பிசினாக உறைந்திருக்கும். சில கார்களில் ஸ்விட்சுக்குள் விளக்குக்குத் தனி இணைப்பு, கம்ப்யூட்டருக்குத் தனி இணைப்பு உண்டு. அதனால் விளக்கு எரிந்துவிட்டதாலேயே ஸ்விட்ச் நிரபராதி என்று முழுசாக முடிவுகட்டவும் கூடாது. பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் இதே கோளாறில் என்ஜினே ஸ்டார்ட் ஆகாமல் பிரேக்கை மிதிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படியும் ஆகிறதா என்று கவனியுங்கள்.

சரிவில் நிறுத்தும்போது மட்டும் மாட்டுகிறது, விடும்போது ‘டங்’ என்று அதிர்கிறது என்றால் அது வேறு கதை. பார்க்கில் போட்டதும் கியர்பாக்ஸுக்குள் ஒரு இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் போடாமல் காலை எடுத்தால் மொத்தக் காரின் எடையும் அந்தக் கொக்கியில் தொங்கும், பிறகு எடுக்க வராது. நின்றதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலைத் தளர்த்திக் காரின் எடையை ஹேண்ட் பிரேக்கில் உட்கார விட்டு, மறுபடி மிதித்துப் பார்க்கில் போடுங்கள். இன்னொன்று, அவசரத்தில் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்புறம் பிரேக்கை மிதிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. இழுவையில் பூட்டு இறுகிக்கொள்ளும், விடுபடாது. முதலில் பிரேக், அப்புறம்தான் பட்டன்.

இந்தப் பூட்டையே கழற்றிப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று யாராவது சொல்லுவார்கள். எனக்கும் சொன்னார்கள். கேட்காதீர்கள். ஓடுகிற என்ஜினோடு குழந்தை லீவரை இழுத்துவிடாமல் தடுப்பது அதுதான். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரில் கால் வைத்தபடி கியர் போடாமல் காப்பாற்றுவதும் அதுதான். அமெரிக்காவில் 2010 செப்டம்பர் 1 முதல் தயாரான, பார்க் உள்ள ஆட்டோமேட்டிக் கார்களில் இது சட்டப்படியே கட்டாயம்.

அந்தச் சின்ன மூடிக்குள் சாவியை விட்டு எடுப்பது நடுவழியில் நின்றுபோனால் ஒரு தடவைக்கு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கிலும் அழுத்தி வைத்துக்கொண்டு செய்யுங்கள். எடுத்ததும் கிளம்பிவிடாமல், விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். எரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

இன்று இரவே சுவர் பக்கத்தில் நிறுத்தி இருபது தடவை மிதித்துப் பாருங்கள். காகிதத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், வீடியோவும் எடுங்கள். “எங்க கையில நல்லாத்தானே வருது” என்பவர்களிடம் காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. எத்தனையில் எத்தனை என்று இங்கே எழுதினால், அடுத்து எங்கே பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.